பதினான்காவது குழி

சூரியநெல்லி
8.1.2025

பிரதீபா மேடம் அவர்களுக்கு அழகுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது.

திங்கட்கிழமை சாயந்திரத்திலிருந்து ஆறு தடவை போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. வாட்ஸ்ஆப்பில் நான் அனுப்பியதை நீங்கள் படித்துவிட்டதாக நீலக் குறி மட்டும் தெரிகிறது. அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை நாம் ஆடிய கோல்ஃப் ரவுண்டில் என் ஆட்டத்துக்கு நீங்கள் எழுதிய கார்டு உங்கள் பையிலேயே வந்துவிட்டது. "செக்போஸ்ட் அடைக்கறக்குள்ள சின்னார் தாண்டோணுங்க்கா" என்று காரை எடுத்தீர்கள். மணி அப்போது இரண்டுகூட ஆகவில்லை. பயணப் பரபரப்பு என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் எனக்கு எழுதினீர்கள், நான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் கார்டில் நான் அங்கேயே கையெழுத்து வைத்து ஒப்புப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் கார்டில் உங்கள் ஒப்பு இல்லை.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத் தரத்தைச் சொல்கிற முதல் ஹேண்டிகேப் நம்பர் வாங்க ஐம்பத்து நான்கு குழி ஆடிக் காட்ட வேண்டும். எங்கள் கிளப்பில் ஒன்பது குழிதான், இரண்டு சுற்று சுற்றினால் பதினெட்டு. அப்படி மூன்று கார்டு, ஒவ்வொன்றிலும் கூட ஆடியவர் ஒப்பு. இரண்டு கார்டு செக்ரட்டரி சூசையப்பன் சார் மேஜையில் இருக்கிறது. மூன்றாவது எருத்தேன்பதியில் உங்கள் வீட்டில் இருக்கிறது.

புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த வேலைக்கு, பிப்ரவரி 28க்குள் ஹேண்டிகேப் காட்ட வேண்டும். பை தூக்குகிற எங்களிலிருந்தே ஒருத்தியை எடுக்கப் போகிறார்கள். நிமியும் மனுப் போட்டிருக்கிறாள், அவளுக்கு நம்பர் வந்தாகிவிட்டது. மார்ச்சில் எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ரிட்டயர். அதோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த வேலைக்குக் கிளப் குவார்ட்டர்ஸ் உண்டு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா மேடம்? பேசியிருந்தால் மன்னிக்கவும். ஒப்புப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
அழகுத்தாய்


எருத்தேன்பதி
13.1.2025

அன்புள்ள அழகுக்கா,

மேடம் என்று எழுதாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

போனை எடுக்காதது வேண்டுமென்றேதான். உங்கள் குரலைக் கேட்டால் மறு நிமிஷமே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். அது எனக்கே தெரியும். கடிதம் என்றால் கொஞ்சம் யோசித்து எழுதலாம். யோசித்து யோசித்து இது நான்காவது தாள்.

இங்கே பொங்கல் வேலை. மாமனார் ஆள் வைத்துச் சாணி போட்டு வாசலை வழித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க் கிளப்பிலிருந்து என் ஹேண்டிகேப் வந்தது, 33.6. வீடெல்லாம் காட்டினேன். மாமனார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, முப்பத்தி மூணுதானா? பாஸாகறக்கே முப்பத்தஞ்சு வேணுமே" என்றார். இதில் நம்பர் குறையக் குறையத்தான் கெட்டிக்காரர் என்று சொன்னால் அவருக்கு ஏறவில்லை. "அதென்ன கூத்து, கொறஞ்சா பெருமையா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். மார்ச்சில் நடக்கிற பெண்கள் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் போட்டி. அந்த மூன்று ரவுண்டிலும் நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த நம்பர் வந்திருக்காது.

சுற்றி வளைக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கார்டில் பதினான்காவது குழிக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை. உங்கள் பந்து குழிக்கு ஒரு ஜாண் தள்ளி நின்றது. நீங்கள் போய்க் குனிந்தீர்கள், பந்தை எடுத்தீர்கள், துண்டில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டீர்கள். "அஞ்சு" என்று மட்டும் சொன்னீர்கள். அந்தக் கடைசித் தட்டைத் தட்டவே இல்லை. பந்து குழிக்குள் விழவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த குழிக்கு அடிப்பதற்குள் சொல்லியிருந்தால் பந்தைத் திருப்பி வைத்து, ஒரு அடி தண்டம் போட்டுச் சரி செய்திருக்கலாமாம். உங்களுக்குப் போய் நான் சொல்வதா என்று இருந்தது. மீதி நாலு குழியும் எப்படி ஆடினேன் என்றே தெரியவில்லை. நான் பார்த்தது தப்பு என்றால் சொல்லுங்கள், அப்படியே நம்பிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பிரதீபா


சூரியநெல்லி
18.1.2025

பிரதீபாவுக்கு,

நீங்கள் கேட்டபடி மேடத்தை விட்டுவிட்டேன். இப்போது அந்த மரியாதை எழுதவும் வரவில்லை.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கிரீனில் நடக்கிறேன். பந்து குழிக்குள் விழுந்தால்தான் ஆட்டம் முடியும் என்று எனக்கே பாடம் நடத்துகிறீர்களா? போன வருஷம் இதே மாதம் மட்டையை எந்தக் கையால் பிடிப்பது என்று என்னிடம் கேட்டவர் நீங்கள். தேயிலைச் செடிக்குள் பந்தைத் தொலைத்துவிட்டு அட்டை கடிக்கிறதென்று கத்தியவர் நீங்கள்.

நான் தட்டினேன். விழுந்தது. எடுத்தேன். அவ்வளவுதான். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக்காரர், "ஏ புள்ள, அந்தம்மாவுக்கு ஒன் மேல ஏதும் வருத்தமா? எதையாச்சும் வச்சுக்கிட்டுப் பேசுதா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். பை தூக்குகிறவள் தன்னைவிடக் குறைந்த நம்பர் வாங்கிவிடுவாள் என்று இருக்கிறதா? வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளே இருக்குமே. உங்களுக்கு நம்பர் என்றால் போட்டி, வீட்டில் காட்டிப் பெருமைப்படுகிற காகிதம். எனக்கு அது வீடு. ஏப்ரல் ஒன்றாம் தேதி தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு நான் எங்கிட்டுப் போவேன்?

மூன்று நாளாக இங்கே ஆனைக் கூட்டம் ரோட்டில் நிற்கிறது, பஸ் கிடையாது. இந்தக் கடிதத்தைத் தபாலாபீஸில் போட நடந்தே போகிறேன். அவ்வளவு ஆத்திரம்.

கார்டை அனுப்புங்கள். ஒப்புப் போட்டு அனுப்புங்கள்.

அழகுத்தாய்


எருத்தேன்பதி
24.1.2025

அக்கா,

கார்டு இத்துடன் இருக்கிறது. பதினேழு குழிக்கு எழுதியிருக்கிறேன். பதினான்கு காலி. கையெழுத்துப் போடவில்லை.

நான் போனைப் பார்க்கவில்லை. உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பார்த்துத்தானே இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டேன்.

பொறாமை என்று எழுதியதைப் படித்துவிட்டுக் களத்தில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் பூபதிராஜா தேங்காய் வண்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, "என்னாச்சு புள்ள, யாராச்சும் தவறிப்போய்ட்டாங்களா?" என்று கேட்டார். கோல்ஃப் கார்டு என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பெயர் எதுவும் சொல்லாமல் எங்கள் கிளப்பில் விசாரித்தேன். பந்தை உள்ளே தட்டி முடிக்காத கார்டு செல்லாது என்றுதான் சொன்னார்கள். எத்தனை கிட்டத்தில் நின்றாலும் சரி.

மறுபடி ஒரு ரவுண்டு ஆடினால் போதும். பதினெட்டே குழி. நான் வருகிறேன். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லுங்கள். வேறு ஒருவர் கூட ஆடுவதுதான் உங்களுக்கு இஷ்டம் என்றால் அதுவும் சரி.

பிரதீபா


சூரியநெல்லி
2.2.2025

பிரதீபா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நேற்று சனிக்கிழமை. கொச்சியிலிருந்து வந்த ஒரு டாக்டருக்குப் பை தூக்கினேன். மூன்றாவது குழியில் அவர் பந்து கொடிக்குக் கிட்டே போய் நின்றது. என் வாய் "குட் சார்" என்றது. பார்த்தால் பந்து என் துண்டுக்குள் இருக்கிறது. அவர் எடுக்கச் சொல்லவே இல்லை. என் கை என்னையும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த கூட்டம் கத்திய பிறகுதான் நகர்ந்தேன்.

எங்கள் கிளப்பில் அப்படித்தான். மட்டைப் பிடி அளவுக்குள் பந்து நின்றால் சாரைக் குனிய வைக்கக் கூடாது. நாங்களே எடுத்துக் கொடுத்துவிடுவோம், அந்தத் தட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். விளையாட்டுக்கு ஆடுகிறவர்களுக்கு அது மரியாதை. கார்டுக்கு ஆடுகிறவளுக்கு அது தப்பு. பதினான்காவது குழியில் நான் எனக்கே பை தூக்குகிறவள் வேலை பார்த்திருக்கிறேன்.

நிமியிடம் கேட்டேன். "இதென்னக்கா புதுசா கேக்குறீங்க, நம்ம எல்லார் கையும் அப்பிடித்தான் போவுது" என்றாள்.

உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். பொறாமை என்று எழுதினேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஆனால் கோபமும் போகவில்லை, அதையும் சொல்கிறேன். சூசையப்பன் சாரிடம் கணக்கு எப்படி என்று கேட்டேன். மூன்று கார்டு கொடுத்தால் அதில் ஆகச் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்து, அதிலும் இரண்டைக் கழித்து நம்பர் போடுவார்களாம். எனக்குச் சிறந்தது இரண்டாவது கார்டு. மூன்றாவதில் நான் அஞ்சு அடித்தால் என்ன, ஒன்பது அடித்தால் என்ன? என் நம்பர் ஒரு புள்ளிகூட மாறாது. கார்டு முழுசாக இருந்தால் போதும். ஒன்றுமே மாறாத ஒரு தட்டுக்கு என்னை ஒரு மாதம் அலைக்கழித்தீர்களே.

இன்னொன்றும் உண்டு. எழுதாமல் விட முடியாது. நவம்பரில் உங்கள் சிறந்த கார்டு, 107. அதில் ஐந்தாவது குழியில் தேயிலைக்குள் மாட்டிக்கொண்டீர்கள். வெளியே வந்து, "எத்தனைங்க்கா ஆச்சு? எனக்குக் கணக்கு உட்டுப்போச்சு" என்று கேட்டீர்கள். "ஏழு மேடம்" என்றேன். ஒன்பது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். முகம் வாடிப் போயிருந்தீர்கள், சொல்ல மனசு வரவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவோம். உங்கள் 33.6 அந்தக் கார்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

அழகுத்தாய்


எருத்தேன்பதி
8.2.2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டுகிற கருப்பாத்தாள் அக்கா, "ஏனுங்கம்மிணி, எதையாவது தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அடி கூடினால் முப்பத்தைந்தரைக்கு வருகிறது. மாமனார் கணக்குப்படி இப்போது பாஸ். சிரிப்புத்தான் வருகிறது, சிரிக்க முடியவில்லை.

உங்கள் ஒரு தட்டால் எதுவும் மாறவில்லை, என் இரண்டு அடியால் என் நம்பரே மாறுகிறது. இந்த யோக்கியதையோடு உங்கள் கார்டில் நான் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன்! உடனே கிளப்புக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலந்தாவளம் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டேன். கார்டு தப்பு என்று நான் சொன்னால், "கார்டு எழுதிய மார்க்கர் யார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. கீழே உங்கள் ஒப்பு. அவர்கள் உங்கள் கிளப்புக்குப் போன் போடுவார்கள். சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு மனுப் போட்டவர் பொய்க் கார்டில் ஒப்புப் போட்டவர் என்று சூசையப்பன் சாருக்குத் தெரிந்துவிடும்.

திரும்பி வந்துவிட்டேன். என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

பிரதீபா


சூரியநெல்லி
12.2.2025

பிரதீபா,

இந்த மாதம் முடியட்டும். அதுவரை வாயைத் திறக்காதீர்கள். காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து நான்காம் தேதி திங்கட்கிழமை. வந்தால் ஆடலாம்.

அழகுத்தாய்


எருத்தேன்பதி
18.2.2025

அக்கா,

சொல்லவில்லை. சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்கிறவரை. ஆனால் போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள், இடுப்புவலி என்றேன். அதுவும் பொய்தான். அந்த நம்பரை வைத்துக்கொண்டு பத்துப் பெண்களுக்கு நடுவில் போய் நிற்க முடியாது. அங்கே யாராவது என்னிடம் தோற்றுப் போனால் என்ன சொல்வேன்?

"அந்த நம்பருக்கு ஒரு வருசமா பறந்தியே, வந்ததியும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறயே" என்கிறார் பூபதி. அவரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மேல் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். நான் வாடிப் போனால் போயிருக்கட்டுமே. ஒன்பது என்று சொல்லியிருக்கலாம். என்னையும் அந்தச் சார்மாரோடு சேர்த்துவிட்டீர்களே, அதுதான் தாங்க முடியவில்லை. நாம் இரண்டு பேரும் கூட ஆடுகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் பை தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை காலை எட்டுக்கு அங்கே இருப்பேன். ஞாயிறே மறையூர் வந்து தங்கிவிடுகிறேன்.

பிரதீபா


சூரியநெல்லி
27.2.2025

தங்கச்சி பிரதீபாவுக்கு,

திங்கட்கிழமை நீங்கள் என் கார்டில் ஒப்புப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனீர்கள். சூடாக இரண்டு டீ சொல்லி வையுங்கள், ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று ஆபீசுக்குள் போனேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்ததும் என்ன என்ன என்று கேட்டீர்கள், நான் டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். என்ன ஆகும் என்று தெரியாமல் உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இன்றைக்குத் தெரிந்துவிட்டது, எழுதுகிறேன்.

கார்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதுதான் திட்டம். பதினெட்டுக் குழியும் தட்டி முடித்த கார்டு, யாரும் குறை சொல்ல முடியாது. சார் அதை வாங்கி, "வெரி குட் அழகுத்தாயி, ஒன்னப் போல நேர்மையான ஆள்தான் நமக்கு வேணும்" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு உள்ளங்கால்வரை கூசியது. கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, உங்கள் 107ஐச் சொல்லிவிட்டேன். அது 109, தெரிந்துதான் நான் எழுதினேன், உங்களுக்குத் தெரியாது என்று. நான் கெஞ்சிக் கேட்டதால்தான் நீங்கள் வெளியே சொல்லாமல் இருந்தீர்கள் என்பதையும்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "மார்க்கர் ஒப்புன்னா என்னன்னு தெரியும்ல? அதுல பொய் எழுதுன ஆளை எப்பிடிம்மா சொல்லிக்கொடுக்கப் போடுறது?" என்றார். நின்றேன். பிறகு, "எத்தனை பேருக்கு இப்பிடி எழுதிருக்க?" என்றார்.

"எல்லாருக்குந்தான் சார்."

"எல்லாருக்கும்னா?"

"ஒங்களுக்குந்தான் சார்."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, மேஜையைத்தான் பார்த்தேன். "என் ஹேண்டிகேப் பன்னெண்டு" என்றார். ஏதோ என்னிடம் முறையிடுவது போல இருந்தது. "பதினெட்டுக்குக் கீழ வராது சார். நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். வேலைதான் போய்விட்டதே, இனி என்ன பயம் என்று வந்துவிட்டது. "பத்தொம்பது வருசத்துல இத என்கிட்ட ஒருத்தியும் சொல்லலையே" என்றார். "நீங்களும் இன்னைக்குத்தான் சார் கேட்டீங்க" என்றேன். அவர் போகலாம் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டேன். "நல்ல நேரம் பாத்துத்தான் ஒனக்கு உண்மை வருது" என்று எங்கள் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். பிறகு போடியில் வாடகை வீடு விசாரிக்கத் தன் தம்பிக்குப் போன் போட்டார். நான் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

இன்று காலை சார் என்னைக் கூப்பிட்டார். பை தூக்கத்தான் என்று துண்டோடு போனேன். அவர் தன் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். கார்டையும் பென்சிலையும் என் கையில் கொடுத்தார். "கூட நட. பந்தைத் தொடாத. உள்ளத எழுது" என்றார். பதினெட்டுக் குழியும் தட்டி முடித்தார். குனிந்து குனிந்து அவரே பந்தை எடுத்தார், எனக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மொத்தம் தொண்ணூற்றெட்டு அடி, பன்னிரண்டு நம்பர்காரர் கணக்கே இல்லை. எழுதி ஒப்புப் போட்டுக் கொடுத்தேன். அதை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எனக்கு இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று என் ஹேண்டிகேப், 17.4. இன்னொன்று வேலை உத்தரவு, ஏப்ரல் ஒன்றிலிருந்து. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். நிமி முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

நான் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீங்கள் போட்டியிலிருந்து பெயரை எடுத்திருக்க வேண்டாம். அது என்னால் போனது. மார்ச் போட்டி போய்விட்டது, அதை என்னால் திருப்பித் தர முடியாது.

உங்கள் நவம்பர் கார்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவது குழி ஒன்பது. மொத்தம் 109. கீழே என் ஒப்பு. இதை உங்கள் கிளப்பில் கொடுங்கள், யார் மார்க்கர் என்று கேட்டால் என் போன் நம்பரைக் கொடுங்கள். நான் எடுப்பேன்.

அக்கா,
அழகுத்தாய்